சின்னம்மா மூன்று தரம் கேட்டது

1

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. நான்காக மடித்த ஒரு படிவத்திலிருந்து வந்தது.

படிவத்தைக் கொண்டுவந்தவர் சஜீதா. பலாங்கொடையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் காது பரிசோதிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் அவருக்கு வேலை. ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். அந்தப் பாவத்துக்காக இன்றும் என்னை ‘சேர்’ என்றே கூப்பிடுகிறார். படிவத்தில் உள்ள தமிழ் யாருக்கும் விளங்குவதில்லை, நீங்கள் கதை எழுதுகிறவர்தானே, மனுசர் பேசுகிற மாதிரி மாற்றித் தாருங்கள் என்றார். என் இலக்கிய வாழ்க்கையில் ஒருவர் தானாக வந்து எழுதித் தரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே சம்மதித்துவிட்டேன்.

‘தாங்கள் தற்சமயம் எவ்விடத்தில் அமைந்துள்ளீர்கள்?’ என்று ஒரு கேள்வி. ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டி, “கதிரையில” என்று பதில் சொன்னாராம். ‘தங்கள் வசிப்பிடத்தின் பெயர் யாது?’ என்று இன்னொன்று. எங்கள் மேற்பிரிவுத் தோட்டத்துக்கு ஆபீஸில் ஒரு இங்கிலீஷ் பெயர், பஸ் போர்டில் ஒரு சிங்களப் பெயர், நாங்கள் சொல்வது கல்லுமலை. விடைத்தாளில் இருப்பதோ ஒரே பெயர். சொந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொன்னதற்காக மார்க் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

காதுக்கு வந்தவர்களிடம் இந்த விசாரணை எதற்கு என்று கேட்டேன். காது கேட்காதவர் மறதிக்காரரைப் போலத் தெரிவார், மறதிக்காரர் கேட்காதவரைப் போலத் தெரிவார், ஒன்று மற்றதை மறைத்துவிடும் என்றார் சஜீதா. ஆகவே அறுபது தாண்டியவர்களுக்குக் காதைப் பார்க்கும்போதே ஞாபகத்தையும் லேசாகப் பார்த்துவிடுவார்கள். இது வியாதி சொல்லும் சோதனை இல்லை, வெறும் சல்லடை. சல்லடையில் தங்கினால் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், டாக்டர் பார்த்துத்தான் மிச்சம் சொல்வார்.

(எனக்கு அறுபத்தொன்று. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

படிவத்தின் நடுவில் ஐந்து சொற்கள் வேண்டும். அவற்றை ஆளிடம் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நான் மண்வாசனையோடு எழுதிக் கொடுத்தேன்: கொழுந்து, கூடை, தராசு, மலை, அட்டை. சஜீதா படித்துவிட்டுச் சிரித்தார். “முப்பது வருசம் மலையில நின்ட ஆளுக்கு இதைச் சொல்லவே தேவல்ல சேர். தூக்கத்திலயும் சொல்லுவாங்க. இது ஞாபகமில்ல, பழக்கம்.”

ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்களாக மறுபடி எழுதினேன்: சாவி, யானை, சீப்பு, வெங்காயம், கப்பல். யாரும் திருத்தாமல் வெளியான என் ஒரே படைப்பு அது.

2

இனிக் கதையைத் தொடங்க வேண்டும். மூன்று தடவை தொடங்கிப் பார்த்தேன்.

அ. ‘பனி மூடிய மலைச்சரிவில், கொழுந்துக் கூடையின் கனம் முதுகை அழுத்த, அவள்—’

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதைகளில் முக்கால்வாசி இந்தப் பனிக்குள்தான் தொடங்குகின்றன, சில அதற்குள்ளேயே காணாமலும் போகின்றன. கதை நடந்த அன்றைக்குப் பலாங்கொடையில் மண்டையைப் பிளக்கிற வெயில்.

ஆ. ‘ரோலர் அறையின் இரைச்சலில் முப்பத்திரண்டு வருடம் நின்றவனின் செவிக்குள், காலம் தன்—’

காலம் தன் என்ன? எனக்கும் தெரியவில்லை. அதோடு வாசகரை இவ்வளவு சீக்கிரம் சோகப்படுத்துவது எனக்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாம் பகுதி வரைக்குமாவது நீங்கள் சிரித்துக்கொண்டு வரவேண்டும்.

இ. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, ஒரு புருசனும் பெண்டாட்டியும் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

இதில் அழகு எதுவும் இல்லை. பிழையும் இல்லை. இதுவே இருக்கட்டும்.

3

புருசனின் பெயர் மூக்கையா. காதைப் பற்றிய கதைக்கு மூக்கையா என்று பெயர் வைப்பது மலிவான வேடிக்கை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிஜப் பெயரை மறைக்க இதைவிட நல்ல ஒன்று தேடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், எதுவும் அவர் முகத்தில் ஒட்டவில்லை. கடைசியில் மலிவான வேடிக்கையிடமே சரணடைந்தேன்.

வயது எழுபத்திரண்டு. கல்லுமலை ஸ்டோரில் ரோலர் அறையில் வேலை செய்தவர். ஸ்டோர் என்றால் இங்கே தேயிலைத் தொழிற்சாலை. ரோலர் அறை என்றால் வாடிய கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற மெசின்கள் ஓடும் இடம். அங்கே ஒருவரின் வாய் அசைவது தெரியும், சொல் வந்து சேராது.

பெண்டாட்டி சின்னம்மா, அறுபத்தெட்டு. அவருக்கு எறும்பு நடந்தாலும் கேட்கும்.

ரோலர் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் மூன்று தரம் சொல்ல வேண்டும். முதல் தரம், ஆள் திரும்பிப் பார்ப்பதற்கு. இரண்டாம் தரம், வாயைப் பார்ப்பதற்கு. மூன்றாம் தரம்தான் சேதி. அங்கே வேலை செய்தவர்களின் வீடுகளிலும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சோறு போடவா என்பதையும் மூன்று தரம் கேட்பார்கள், தீபாவளிக்கு என்ன சட்டை என்பதையும் மூன்று தரம் கேட்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சின்னம்மாவுக்கு ‘மூணுதரத்தாள்’ என்றே பட்டப்பெயர். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

படிவத்தின் தமிழ் விளங்குகிறதா என்று பார்க்க என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். இந்த சேர் இருக்கலாமா என்று சஜீதா அனுமதி கேட்டார். மூக்கையாவுக்குக் கேட்கவில்லை. சின்னம்மா தாராளமாக இருக்கட்டும் என்றார். ஆகவே நான் இருந்தது பாதி அனுமதியில்தான்.*

* இந்தப் பாதி பிறகு என்னைத் தொந்தரவு செய்யும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

4

முதலில் காது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மூக்கையா வெகுநேரம் எதையும் அழுத்தவில்லை. பிறகு சத்தமே இல்லாத நேரத்தில், மரியாதைக்காக ஒரு தரம் அழுத்தினார்.

பிறகு ஞாபகம். காது கேட்காமல் பிழை வந்தால் அந்தப் பிழை காதுடையது, மூளையுடையதில்லை. அதனால் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஹெட்போன் ஒன்றை அவர் தலையில் மாட்டினார் சஜீதா. இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த டவுன், நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டு போங்கள். அவர் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லிக்கொண்டே போனார். என் ஐந்து சொற்களில் கடைசிக்கு வந்தபோது மட்டும் நிறுத்தி, இந்த மலைக்கு எதுக்கு மிஸ் கப்பல் என்று கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து ஐந்தையும் வரிசையாகச் சொன்னார். என் கப்பலைப் பத்திரமாகக் கரை சேர்த்தவர் என்ற முறையில் அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது.

இவ்வளவு நேரமும் பின்னால் உட்கார்ந்திருந்த சின்னம்மா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கையா திரும்பவில்லை. சின்னம்மா மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் நோட்டில் இப்படி எழுதினேன்:

‘செவிடன் பெண்டாட்டி சொல்வதெல்லாம் மும்மணி.’

இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. இதைச் சுற்றித்தான் கதையைக் கட்டுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். நல்ல நகைச்சுவைக் கதையாக வந்திருக்கும். இரண்டு பக்கம், ஏதாவது ஒரு கோயில் திருவிழா மலரில், விளம்பரங்களுக்கு நடுவில்.

5

இனிச் சிரிப்பு உங்கள் பொறுப்பு. என்னால் முன்போல முடியாது.

சஜீதா ஒரு காது மெசினை மூக்கையாவின் காதுக்குப் பின்னால் பொருத்தினார். இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பதற்குத் தருவது. மூக்கையா அசையாமல் உட்கார்ந்தார். ஃபேனை அண்ணாந்து பார்த்தார். தன் சட்டையைத் தடவி, அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டார். தெருவில் ஒரு த்ரீவீலர் போனதற்கு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, கடைசி பஸ் எத்தன மணிக்கு?” என்றார் சின்னம்மா.

“ரெண்டே கால்” என்றார் மூக்கையா. முதல் தரத்திலேயே பதில். நான் கைதட்டியிருப்பேன்.

சின்னம்மா தலையாட்டிக்கொண்டார். நான் நோட்டில் அரை வரிகூட எழுதி முடிக்கவில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மறுபடி அதே குரல். ரெண்டே கால் என்று மறுபடி அதே பதில். சஜீதா மெசினின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தரம் கேட்டபோது அவர் கை நின்றது.

மூக்கையா மூன்றாவது தரமும், அப்போதுதான் முதல் தரம் கேட்டவரைப் போல, கொஞ்சமும் அலுக்காமல் பதில் சொன்னார். என் நோட்டில் இருந்த மும்மணி வரியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தண்ணீர் குடிக்க சின்னம்மா வெளி விறாந்தைக்குப் போனார். படிவத்தில் எழுத அடையாள அட்டை வேண்டும் என்றார் சஜீதா. மூக்கையா சட்டைப் பையில் கைவிட்டு அதை எடுத்தார். கூடவே மூன்று வெள்ளை மாத்திரைகள் வந்து மேசையில் உருண்டன.

சஜீதா மாத்திரைகளைப் பார்த்தார். பிரஷர் மாத்திரை.

“அவ குடுக்குறது மிஸ்” என்றார் மூக்கையா. தன் குரல் தனக்கே கேட்டதால், பல வருடங்களுக்குப் பிறகு அவரால் மெதுவாகப் பேச முடிந்தது. “காலையில ஒன்னு குடுப்பா, போட்டுக்குவேன். கொஞ்சம் நேரஞ்செண்டு திரும்பக் குடுப்பா. வாங்கிப் பையில வச்சுக்குவேன்.”

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நான் நம்பாத ஒரு பாத்திரத்தை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

காது மெசின் வந்தபிறகுதான் பெண்டாட்டியின் மறதி அவருக்குத் தெரிந்தது என்று வைத்தால் கதை ஒழுங்காக இருக்கும். காது திறந்தது, உண்மை உள்ளே வந்தது. வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் மாத்திரைகள் சம்மதிக்கவில்லை. அவை ஓரம் தேய்ந்து, பையின் நூல் ஒட்டிக் கிடந்தன. மனுசனுக்கு இது வெகுகாலமாகத் தெரியும்.

அப்படியென்றால் இத்தனை வருடம் காது மெசின் வேண்டாம் என்று ஏன் சொன்னார்? தோட்டத்துக்கு மருத்துவ முகாம் வந்தபோதெல்லாம் ஒளிந்துகொண்டாராமே. (இதைச் சொன்னது சின்னம்மா. குறையாகச் சொன்னார்.) அன்றைக்கு வந்ததுகூட, மகள் சுதர்ஷினி கட்டுநாயக்காவிலிருந்து போன் பண்ணி, இந்தத் தடவை போகாவிட்டால் நான் லீவு போட்டு வந்து நிற்பேன் என்று மிரட்டியதால்தான். சுதர்ஷினி அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், போர்டிங் அறையில் இருக்கிறார்.

பதிலை நான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மூக்கையாவே மெசினைக் கழற்றி மேசையில், மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது வேணாம் மிஸ். எனக்குக் கேக்காம இருந்தாத்தான் அவ கேக்குறது சரியா இருக்கும்.”

இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் வார்த்தை விளையாட்டு என்று நானே அடித்திருப்பேன். நம் மொழியில் காதால் செய்வதும் வாயால் செய்வதும் ஒரே கேட்பதுதான் என்பதை நான் எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதற்குள் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இவ்வளவு இடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. புருசன் செவிடாக இருக்கும்வரை பெண்டாட்டி எதையும் பத்துத் தரம் கேட்கலாம். லயத்தில் ஒரு குருவிக்கும் சந்தேகம் வராது.

மிச்சத்தை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். சுதர்ஷினிக்குத் தெரிந்தால் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். கெட்ட பிள்ளை இல்லை, பாசத்தில்தான் செய்வார். ஆனால் அந்த அறையில் இன்னொரு ஆளுக்குத்தான் இடம். இரண்டு ஆளுக்கு இல்லை.

சஜீதா படிவத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, மறதி என்றதும் எல்லாம் முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம் என்றார். தைராய்டு, விற்றமின் குறைவு, தூக்கமின்மை, மனக்கஷ்டம், இப்படி மருந்தால் சரியாகிற காரணங்களும் இருக்கின்றன. சரியாகாததாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. மகளுக்குச் சொல்வது நிலையத்தின் வேலை இல்லை. ஆனால் தனக்குத் தந்த மாத்திரையை ஐயா பையில் போட்டார். மற்றப்பக்கம் அம்மா தன் மாத்திரையை இரண்டு தரம் போட்டுக்கொண்டால் அதை யார் பையில் போடுவது?

 மூக்கையா பாடுபட்டுக் கட்டிய வேலியில் இந்த ஓட்டை இருப்பதை அவர் பார்த்திருக்கவில்லை.

“ஐயாட்ட கேட்டு என்ன செய்ய? அம்மாட்டதானே கேக்கணும்” என்றார் சஜீதா. மெசினை எடுத்து, அவர் தடுப்பதற்குள் திரும்ப மாட்டிவிட்டார்.

7

சின்னம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேசையில் மாத்திரைகளைப் பார்த்தார். எண்ணுகிற மாதிரிப் பார்த்தார்.

உங்களுக்கும் ஒரு தரம் பார்ப்போமா அம்மா என்று சஜீதா கேட்டார். எனக்குத்தான் காது நல்லாக் கேட்குமே என்றார் அவர். காதுக்கு இல்லை அம்மா என்றார் சஜீதா.

மூக்கையா எழுந்து நின்றார். ஏதாவது சொல்லி மறைக்கப் பார்த்தார், நேரம் போய்விட்டது என்றோ பஸ் என்றோ. சின்னம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எனக்குத் தெரியும் மிஸ். ஒரு தரம் கேட்டேனா, இன்னும் கேக்கலையான்னு எனக்கே வெளங்குறதில்ல. எப்புடியும் மூணு தரம் கேட்டுட்டா, பழைய பழக்கம்னு இவரு நெனச்சுக்குவாரு. அதான்.”

 ஒரே ரகசியத்தை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே லயத்து அறைக்குள், ஒரே கட்டிலில் காத்து வந்திருக்கிறார்கள்.  நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளும் நான், இருவரில் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

சஜீதா என் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெளியில் இருக்க முடியுமா என்று கேட்டார். மூக்கையாவும் எழுந்தார்.

“இவரு இருக்கட்டும் மிஸ்” என்றார் சின்னம்மா. “இப்பத்தானே கேக்குது.”

கதவு மூடியது. நான் விறாந்தையில் நின்றேன்.

8

கதாசிரியனை வெளியே அனுப்பிவிட்டால் கதை என்ன ஆகும்? நானே செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று. சின்னம்மா ஐந்து சொற்களையும் சொல்லிவிடுகிறார், சஜீதா சிரிக்கிறார், எல்லாம் பயம்தான், பயத்தில் வந்த மறதி. (இதை எழுத ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு. கப்பல் மட்டும் ஞாபகம் வருகிறது. மூக்கையா மிச்ச நான்கையும் வாயசைத்துக் காட்டுகிறார், சஜீதா பார்க்காதவர் மாதிரி ஜன்னலைப் பார்க்க— (சஜீதா அப்படிப்பட்டவர் இல்லை. அவர் வேலையைக் கேவலப்படுத்த எனக்கு உரிமை இல்லை.)

முடிவு மூன்று. இரத்தினபுரிக்குக் கடிதம். சுதர்ஷினி லீவு போட்டு வருகிறார். அம்மாவையா, இருவரையுமா, அல்லது தான் கல்லுமலைக்குத் திரும்பி வருவதா என்று அவர் வாசலில்— (இதில் நான் நின்றுவிட்டேன். சுதர்ஷினியை நான் பார்த்ததே இல்லை.)

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. சின்னம்மாவின் கையில் மடித்த ஒரு தாள் இருந்தது. என்ன தாள் என்று மடிப்புக்கு வெளியே தெரியவில்லை. நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். மூக்கையாவின் காதில் மெசின் இருந்தது. அவர் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

காலையில் கிடைத்த பாதி அனுமதி உறுத்திக்கொண்டிருந்தது. படிக்கட்டு வரைக்கும் கூடப் போய், இன்றைக்கு நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை இருவருக்கும் கேட்கும்படி கேட்டேன். நிஜப் பெயர் வராது என்றேன். மூக்கையா பெண்டாட்டியைப் பார்த்தார்.

சின்னம்மா யோசித்தார். அவசரப்படாமல் யோசித்தார்.

“எழுதுங்க சார்” என்றார். “முடிவ மட்டும் எழுதாதீங்க. அது எங்களோடது.”

அந்தத் தாளில் இருந்த முடிவைச் சொன்னாரா, கதையின் முடிவைச் சொன்னாரா, அல்லது இருவரும் இனி எடுக்கப்போகிற முடிவையா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வாசகரே, உங்களிடம் எதுவும் ஒப்படைக்காமல் போகிறேன் என்று கோபிக்காதீர்கள். என்னிடம் இருந்திருந்தால் தந்திருப்பேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் தோன்றட்டும், அதை நான் தடுக்க முடியாது. அவர்கள் படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு இப்போது நன்றாகக் கேட்கும்.